பெருநாள் காலை, மருதாணிக் கை

பிலிமத்தலாவைச் சந்தையில் போஞ்சிக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. "டொக்டர் பரீனா மவுத்தாயிட்டாங்க, சிஸ்டர்." அவர் இறந்த செய்தி கேட்டு எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் போகிற ஆளா அவர்? நம் சிறுவர் வார்டில் அவரோடு வேலை செய்த என்னைப் போன்ற தாதிமாருக்கு இது புரியும்.

"அழுற புள்ளைக்கு நாலு பேர் ஓடி வருவாங்க. சிரிக்கிற புள்ளையத்தான் நாம பார்க்கணும்" என்பார். ஒரு நோன்புப் பெருநாளில்தான் அதன் பொருள் எனக்கு விளங்கியது.

பெருநாளுக்கு முதல் நாள், திகனவில் கடை வைத்திருந்த ஒருவர் தன் மூன்று வயது மகளைக் கொண்டுவந்தார். வாப்பாவைப் பார்த்து அவளும் பல் துலக்கும் மிஸ்வாக் குச்சியை வாயில் வைத்துக்கொண்டு ஓடி விழுந்திருக்கிறாள். மேலண்ணத்தின் இடப்பக்கம் குத்திவிட்டது. வார்டுக்கு வரும்போதே இரத்தம் நின்றிருந்தது. ஸ்கேனிலும் கோளாறு தெரியவில்லை. பிள்ளை ஜெலி கேட்டுச் சிரித்தாள்.

"நல்லாத்தானே ஈக்கிறா, டொக்டர். நாளைக்கிப் பெருநாள், கூட்டிக்கிட்டுப் போறோம்."

"தொண்டைக்குப் பின்னால மூளைக்கு இரத்தம் கொண்டுபோற நாடி ஓடுது, தம்பி. அதுல அடிபட்டிருந்தா இன்னைக்கித் தெரியாது. நாளைக்கி இரத்தம் உறைஞ்சு அடைக்கும். பெருநாள் இங்க வரட்டும்."

வாப்பா கத்திப் பார்த்தார். டொக்டரின் பிடிவாதத்தின் முன் யார் நிற்பது? உம்மா கட்டிலிலேயே பிள்ளைக்கு மருதாணி இட்டாள்.

மறுநாள் டொக்டர் தன் வீட்டுப் பெருநாளை விட்டுவிட்டு வந்தார். கட்டிலைக் கடக்கும்போதெல்லாம், "ரெண்டு கை மருதாணியையும் காட்டுங்க, மகள்" என்றார். அவளும் சலிக்காமல் காட்டினாள். மதியத்துக்குச் சற்று முன் இடது கை மட்டும் உயர்ந்தது. வலது கை பாதியில் விழுந்தது. சிரிப்பு ஒரு பக்கம் கோணியது. பெருநாள் இனிப்பான வட்டலப்பக் கிண்ணத்தோடு நின்ற வாப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டொக்டர் தானே கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஸ்கேனுக்கு ஓடினார். கழுத்து நாடியில் இரத்தக்கட்டி. கட்டி வளராமலிருக்க உடனே மருந்து ஏற்றினோம். வீட்டுக்குப் போயிருந்தால், விளையாடிக் களைத்துவிட்டாள் என்று படுக்க வைத்திருப்பார்கள்.

விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. வீட்டுக்கு அனுப்பும் நாளில் டொக்டர் கையை நீட்டினார். "எங்க, இறுக்கிப் பிடிங்க பார்ப்போம்." பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு வலது கையால் நெரித்தாள்.

"அல்லாஹ்! விடுங்க மகள், எலும்பு ஒடஞ்சிரும்!"

வார்டே சிரித்தது. வாப்பா அழுதார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த அலறலைத்தான். வலியில் அவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷியை நான் வேறெங்கும் கண்டதில்லை.