சுத்தம் செய்தால் ஓடிப்போகும் காந்தம்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘காந்தக்காரி’. துத்தநாக ஆக்சைடு என்கிற வெள்ளைத் தூளில் காந்தம் இருக்கிறது என்று அவள் ஒருநாள் வாய்விட்டுச் சொல்லப்போக, அன்றிலிருந்து பிடித்தது வினை.

முதல் தடவை அளந்தபோது திரையில் சின்னதாக ஒரு காந்த வளைவு தெரிந்தது. தலைகால் புரியாமல் பேராசிரியரிடம் ஓடினாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“உங்க இடுக்கி இரும்பும்மா. அதுல இருந்து துகள் ஒட்டியிருக்கும். சுத்தமா செஞ்சு கொண்டு வாங்க.”

பிளாஸ்டிக் இடுக்கிக்கு மாறினாள். தூளைச் சுடும் பீங்கான் கிண்ணத்தைத் தேய்த்துத் தேய்த்து விரல் எரிந்தது. உலைக்குள் தாராளமாக ஆக்சிஜன் விட்டு, படிகத்தில் ஒரு குறையும் இல்லாமல் சுட்டெடுத்தாள். அளந்தால், காந்தம் போன இடம் தெரியவில்லை.

“பாத்தீங்களா, அழுக்குதான்” என்றார் பேராசிரியர்.

வீட்டுக்கு வந்தால் அக்கா வேறு.

“ஏண்டி, காந்தம்னா ஒரு குண்டூசியாவது ஒட்டணும்ல?”

“ஒட்டாதுக்கா! அது மெஷினுக்குத்தான் தெரியும்.”

“அப்ப எதுக்கு அது?”

சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாள்.

அடுத்த முறை சுட்ட தூளில் காந்தம் திரும்பவும் வந்து உட்கார்ந்திருந்தது. அதே இடுக்கி, அதே கிண்ணம். எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது. உலைக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். முன்பு அதைப் பயன்படுத்திய சக ஆய்வாளன் குழாயை ஆக்சிஜனிலிருந்து ஆர்கான் வாயுவுக்குத் திருப்பிவிட்டுப் போயிருந்தான்.

“உனக்கு அறிவிருக்கா? என் தூளு ஆக்சிஜனே இல்லாம...”

அவனைத் தேடிப்போய்த் திட்டிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். ஆக்சிஜன் கிடைக்காவிட்டால் படிகத்தில் அங்கங்கே அணுக்கள் கழன்று வெற்றிடம் விழும். அந்தக் குறைகளிலிருந்துதான் காந்தம் பிறக்கிறதோ? அப்படியானால், குறையே இல்லாமல் செய்கிறேன் பேர்வழி என்று அவளே அதை விரட்டியடித்திருக்கிறாள்!

அதே தூளை ஆக்சிஜனில் சுட்டாள்; காந்தம் போனது. ஆர்கானில் சுட்டாள், வந்தது.

பேராசிரியர் வரைபடங்களை வெகுநேரம் பார்த்தார். “இரும்பு இப்படி வந்து வந்து போகாது. சரிதாம்மா.” உடனே அடுத்தது: “எதுக்கும் வேற லேப்ல ஒருதரம் அளந்துடுங்க.”

“அளக்குறேன் சார்” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

அங்கேயும் அதே வளைவுதான் வந்தது. சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. பேராசிரியர் போனில், “நல்லதும்மா, இப்பவே கட்டுரைய ஆரம்பிச்சிடலாமா?” என்றார்.

“நாளைக்கு சார்” என்று போனை அணைத்துவிட்டுப் படுத்தாள்.