தொலைபேசியில் பத்து வாக்கியம்

குணசீலன் சேர் போன மாசி மாதம் காலமானார். எண்பத்தொரு வயது. நல்ல மனிதர் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அவரோடு ஆறு மாதம் ஒரு சொல்லும் கதைக்காமல் இருந்தவள் நான். அதையும் யாராவது எழுதவேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன் எனக்கு வேலை போகிற நிலை. பிரெஞ்சு பேசும் மொன்றியல் நகரில், அஹுன்ட்சிக் பகுதியில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சமைத்துக்கொண்டிருந்தேன். புதிதாக வந்த நிர்வாகி, ஜூனுக்குள் பிரெஞ்சுப் பரீட்சை பாஸ் பண்ணாவிட்டால் வேறு ஆள் பார்ப்பேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. போன்ஜூர், மெர்சிக்கு அப்பால் நாக்குப் புரளாது.

தேவாலயத்தின் நிலவறையில் செவ்வாய்தோறும் ஒருவர் இலவசமாகப் பிரெஞ்சு படிப்பிக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். அவர்தான் குணசீலன் சேர். மதுரைக்காரர், ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியர். எத்தியோப்பியா, அல்ஜீரியா என்று நாடு நாடாகப் படிப்பித்து, அல்ஜீரியாவில் பிரெஞ்சு பழகி, கடைசியில் மொன்றியலில் குடியேறியவர். அவருடைய முறை ஒன்றுதான்: டிக்டே. அவர் வாக்கியம் சொல்வார், நாங்கள் கேட்டு எழுதவேண்டும். பிழைக்குச் சிவப்பு மை. வயது போனவர்கள் என்ற இரக்கமே கிடையாது.

நவம்பரில் ஒருநாள், போர்வீரர் நினைவுக் கூட்டமொன்றுக்குப் போய்விட்டு நேரே வகுப்புக்கு வந்தார். கோட்டில் பதக்கங்கள்.

"எந்த ஆமி, சேர்?" என்று கேட்டேன்.

"இந்தியன் ஆர்மிம்மா. சிக்னல்ஸ்ல, வயர்லெஸ் பிரிவுல இருந்தேன்."

எண்பத்தேழில், இந்திய ஆமி யாழ்ப்பாணத்தில் நின்ற காலத்தில், என் தம்பி வசீகரன் சண்டைக்கு நடுவே அகப்பட்டுச் செத்தான். பத்தொன்பது வயது. யாருடைய வெடி என்று யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு பேர் முன்னால் எழுந்து, "என்ர தம்பியைத் திண்டவை நீங்கள். உங்களிட்டப் படிக்கிறதிலும் பாக்க நான் பட்டினி கிடப்பன்" என்றேன். அவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த செவ்வாய் இரவு எட்டு மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"சிவநேசம்மா, வகுப்புக்கு வர வேண்டாம். ஆனா பரீட்சை இருக்கு. பத்து வாக்கியம் சொல்றேன், எழுதுங்க."

நான் வாய் திறக்கவில்லை. தொலைபேசியை வைக்கவுமில்லை. வேலை வேண்டுமே. ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு தரம் சொல்லிவிட்டு அவரே வைத்தார். கொப்பி கிழியும்படி எழுதினேன். மறுநாள் அவர் வீட்டுத் தபால்பெட்டிக்குள் அந்தத் தாளைத் திணித்தேன். இரண்டாம் நாள் அது என் பெட்டிக்குள் கிடந்தது. பதினேழு சிவப்புக் கோடு. மனிதர் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

இப்படியே மே வரை போயிற்று. பனிப்புயலில் மெட்ரோ வாசலுக்கே போகமுடியாத செவ்வாயும் தொலைபேசி அடித்தது. ஒருதரம் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே அழைத்தார். பின்னால் நர்ஸ் ஏசுவது கேட்டது. பத்தாவது வாக்கியம் வரை சொல்லித்தான் வைத்தார். அவரும் விடவில்லை, நானும் விடவில்லை.

பாஸ் பண்ணினேன், வேலை தங்கியது. அவருக்குத் தொலைபேசி எடுத்து நன்றி சொன்னேன். தம்பியின் கதையை இரண்டு பேரும் தொடவில்லை.

இறுதிச் சடங்கில் அவர் மகள் கமலினி நினைவு அட்டை தந்தாள். இராணுவம், 1966 முதல் 1976. அல்ஜீரியா, 1983 முதல் 1990. திரும்பத் திரும்பப் பார்த்தேன். என் தம்பி செத்த வருடம் இவர் ஆமியிலேயே இல்லை. அல்ஜீரியாவில் பிள்ளைகளுக்குப் பௌதிகம் படிப்பித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏன் பிள்ளை, அப்பா எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"நானும் கேட்டேன் ஆன்ட்டி. தம்பியைப் பறிகொடுத்தவங்ககிட்ட போய் நான் தேதி காட்டணுமான்னு கேட்டாரு."

வெட்கத்தில் எனக்கு உடம்பு கூசியது. அஞ்சலி சொல்ல விரும்புகிறவர்கள் வரலாம் என்றார்கள். மண்டபத்தில் பாதிப் பேர் இங்கே அவரிடம் பௌதிகம் படித்த கியூபெக்காரர்கள், பிரெஞ்சு பேசுகிறவர்கள். நான் எழுந்து போனேன். வகுப்பில் அவருக்கு நான் சொன்னதையும், அது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதையும் பிரெஞ்சிலேயே சொன்னேன். நடுவில் கமலினி வந்து கையைப் பிடித்தாள். முடிக்காமல் நான் இறங்கவில்லை.