சுவர் வரை ஓடியவள்

ஒன்றாம் வகுப்பில் சேர அந்தக் காலத்தில் ஒரு பரீட்சை உண்டு. குழந்தை வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று அர்த்தம். தொடாவிட்டால் வீட்டுக்குப் போய் இன்னும் ஒரு வருடம் சோறு தின்றுவிட்டு வர வேண்டும். என் மகளுக்கு அப்போது நாலரை வயது. எவ்வளவு எக்கினாலும் அவள் விரல் காதுக்கு ஒரு விரற்கடை தள்ளியே நின்றது. நான் முடியை ஒதுக்கிவிடுவதுபோல அவள் தலையை வலப்பக்கம் சாய்த்தேன். காது மேலே வந்தது, விரல் பட்டது. ஹெட்மிஸ்ட்ரஸ் அதைப் பார்த்தார். பார்க்காததுபோல ரிஜிஸ்தரைத் திறந்தார்.

"ஜூன் ஒண்ணுன்னு போட்டுக்கட்டுமா?" என்று கேட்டார்.

"போட்டுக்குங்க டீச்சர்" என்றேன். கையெழுத்தும் போட்டேன். அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்தான்.

நிஜத்தில் அவள் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னால் பிறந்தவள். ஞானஸ்நானம் கொடுத்த மாதா கோயில் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. எனக்கு அம்பத்தூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளுக்கு நூல் பிசிறு வெட்டுகிற வேலை. என் வீட்டுக்காரருக்கு ஒரு பட்டறையில் ஷிப்ட். பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா பூந்தமல்லிக்குக் குடி மாறிப் போய்விட்டாள். இரண்டு நாள் குழந்தையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனேன். மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். படிக்க வைக்கிற ஆசை என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். பூட்டுக்குப் பதில்தான் பள்ளிக்கூடம்.

பள்ளிக்கூடம் கோவில்பதாகையில், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. மின்வெட்டுக்காக வாரம் ஒருநாள் விடுகிற கரண்ட் லீவு எங்கள் கம்பெனிக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் அங்கே பி.டி. அதனால் கொஞ்சம் முன்னாலேயே போய் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். தனியாக பி.டி. வாத்தியார் எல்லாம் கிடையாது. மூன்றாம் வகுப்பு டீச்சர்தான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு விசில் ஊதுவார்.

முதலில் எல்லா வகுப்புக்கும் டிரில். கை மேலே, கை பக்கத்தில், கை கீழே, எட்டு வரை எண்ண வேண்டும். என் மகள் எல்லாரும் இடது பக்கம் திரும்பினால் வலது பக்கம் திரும்புவாள். பிறகு ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பொடிசுகளுக்குத் தவளைத் தாண்டல், முயல் குதி. மூன்றாம் வகுப்புக்கு நொண்டியும், வட்டமாக உட்காரவைத்து முதுகுக்குப் பின்னால் கைக்குட்டை போடுகிற ஆட்டமும். பெரிய வகுப்புகளுக்கு ஸ்கிப்பிங், கோகோ, ரிங் பிடிக்கிற விளையாட்டு. ரிங் ஒன்றே ஒன்று, அதுவும் பாதி பிய்ந்தது. ஸ்கிப்பிங் என்றால் கயிறு அவள் காலில் மாட்டும். கோகோவில் முதல் ஆளாக அவுட் ஆகி வந்து மண்ணைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வகுப்பிலேயே சின்னவள். நான்தானே சின்னவளாக்கினேன்!

கடைசியாக ஓட்டம். தண்ணீர் டேங்கிலிருந்து காம்பவுண்ட் சுவர் வரைக்கும். டீச்சரின் வீட்டுக்காரர் டேப் பிடித்து அளந்ததில் சரியாக ஐம்பது மீட்டர். அதற்கு மேல் ஓட அங்கே இடமில்லை. முழு வேகத்தில் போய் இரண்டு உள்ளங்கையாலும் சுவரை அடித்துத்தான் நிற்பார்கள். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் டீச்சர் முதல் இரண்டாவது சொல்லுவார். நாலாம் வகுப்பிலிருந்து முதல் சத்தம் என் மகளுடையது. வெள்ளிக்கிழமை ராத்திரி சோறு பிசையும்போது அவள் உள்ளங்கை சிவந்திருக்கும். எனக்கு அதைப் பார்க்கப் பெருமை தாங்காது.

ஐந்தாம் வகுப்பில் டீச்சர் என்னை கேட்டருகே கூப்பிட்டார். வட்டாரப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் சேர்த்து ஆவடியில் போட்டி வைக்கிறார்களாம். ஒன்பது வயது முடியாதவர்கள் சின்னப் பிரிவு, அவர்களுக்கு ஐம்பது மீட்டர். முடிந்தவர்கள் பெரிய பிரிவு, அவர்களுக்கு நூறு. ஜூலை ஒன்றாம் தேதியை வைத்து வயதுக் கணக்கு. முதலாவதாக வருகிற பெண்களை ஒரு பெரிய கான்வென்ட் பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்பில் எடுத்துக்கொள்ளும். அங்கே நிஜ மைதானம் இருக்கிறது, ஓட்டத்துக்கென்றே டீச்சர் இருக்கிறார். அங்கே படித்த பெண்கள் ஓடியே ரயில்வேயிலும் போலீஸிலும் வேலைக்குப் போயிருக்கிறார்கள்.

"அம்பதுன்னா உங்க பொண்ணை யாரும் தொட முடியாதும்மா. சுவரு மேல அடிக்கிற மாதிரி அடிச்சிடுவா" என்றார் டீச்சர்.

அன்றைக்கு வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவளை ரயில்வே வேலைக்கே அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டனுப்பினார். ரிஜிஸ்தரைத் திறந்து என் பக்கம் திருப்பிவைத்தார். ஜூன் ஒன்று. ஜூலை ஒன்றில் ஒன்பது முடிந்து சரியாக ஒரு மாதம். பெரிய பிரிவு.

"அவளுக்கு எட்டரைதான் டீச்சர். உங்களுக்கே தெரியும்."

"கையெழுத்து யாருதும்மா?"

வீட்டுக்கு ஓடிப்போய் ஞானஸ்நான சர்டிபிகேட்டை எடுத்துவந்து மேசைமேல் வைத்தேன். அதைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "இத வெளியில காட்டிடாதீங்க. நாலரை வயசுல சேத்தேன்னு தெரிஞ்சா என் வேலைக்கே ஆபத்து. உங்க பொண்ணையும் அஞ்சாவதுலேருந்து எறக்கிடுவாங்க. அப்புறம் ஆறாவதே கிடையாது, பரவாயில்லையா?" என்றார். கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அவர் எழுதினார், நான் சொன்னேன். இரண்டு பேரும் சேர்ந்து பண்ணின காரியம்.

வீட்டில் என் வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன்.

"ஆறு மாசந்தானேம்மே. ஓடறவ எதுல ஓடுனா இன்னா?"

"யோவ், பத்து வயசுப் பொண்ணுங்க காலும் இவ காலும் ஒண்ணாய்யா?"

அவளுக்கு நாங்கள் எதையும் விளக்கவில்லை. பெரிய பிரிவு என்றால் பெரிய பரிசு என்று நினைத்துக்கொண்டாள்.

போட்டி ஆவடியில், பேக்டரி குவார்ட்டர்ஸ் பக்கத்து மைதானத்தில். அவ்வளவு பெரிய வெட்டவெளியை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. மேசை போட்டு ஒருவர் பட்டியலில் டிக் அடித்துக்கொண்டிருந்தார். சர்டிபிகேட் என் கைப்பையில் இருந்தது. ஜிப்பைப் பாதி திறந்தேன். எதிரே ஹெட்மிஸ்ட்ரஸ் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஜிப்பை மூடிவிட்டேன். கோழை என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் மறுக்க மாட்டேன்.

கோட்டில் நின்ற எட்டுப் பெண்களில் என் மகள் மற்றவர்களின் தோள் உயரம்தான் இருந்தாள். விசில் ஊதியதும் பாய்ந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், முதல் பாதியில் அவளுக்குப் பக்கத்தில் ஒருத்தி இல்லை. நான் வாய்விட்டுக் கத்தினேன். பாதித் தூரம் வந்ததும் அவள் இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள். உள்ளங்கையை விரித்துக்கொண்டு வேகத்தைக் குறைத்தாள். எதிரே ஒன்றும் இல்லை. வெறும் மைதானம். ஒரு நொடி திகைத்துப்போய்ச் சுற்றிப் பார்த்தாள். அதற்குள் ஒவ்வொருத்தியாக அவளைத் தாண்டிப் போனார்கள். மறுபடி ஓடினாள். ஐந்தாவதாக வந்தாள்.

கான்வென்ட்டிலிருந்து வந்திருந்த பி.டி. டீச்சர் அவளைக் கூப்பிட்டு, "ஏம்மா பாதியில கைய நீட்டுன?" என்று கேட்டார்.

"செவுரு வரும்னு நென்ச்சேன் டீச்சர்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "சின்னப் பிரிவுல இவ ஓடியிருந்தா இன்னிக்கே எடுத்திருப்பேன். கொஞ்சம் முந்திப் பொறந்துட்டா" என்று என்னிடம் சொன்னார். பிறகு முதலாவதாக வந்த பெண்ணின் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டார். சர்டிபிகேட் அப்போதும் என் கைப்பையில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், அதிகம் இல்லை. ஆறாம் வகுப்புக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம்தான் கிடைத்தது. அங்கே பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொண்டார். மைதானத்தில் கூரை போட்டு வகுப்பு நடந்தது. அவள் அதற்கப்புறம் ஓடவில்லை. பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை, அடுத்த பஸ் வரட்டும் என்று நின்றுவிடுவாள். பத்தாவது முடித்ததும் என் கம்பெனியிலேயே, எனக்கு இரண்டு மேசை தள்ளி, பிசிறு வெட்ட உட்கார்ந்தாள். இந்த ஜூன் ஒன்றைத் திருத்த பின்னால் இரண்டு ஆபீசுக்கு அலைந்தேன். ரிஜிஸ்தரில் உள்ளதுதான் செல்லும் என்றுவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் ஆவடியிலிருந்து பஸ்ஸில் திரும்பினோம். அவளை ஜன்னல் ஓரம் உட்காரவைத்தேன். அவள் அழவில்லை. பரவாயில்லை, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்று நான்தான் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தேன். அடுத்த வருஷம் என்று ஒன்று இல்லை என்பது எனக்குத் தெரியும். பாதி வழியில் அவள் வலது கையைத் தூக்கித் தலைக்கு மேலே கொண்டுபோனாள். தலை நேராகவே இருந்தது. விரல்கள் இடது காதை முழுசாகப் பிடித்தன.

"இப்போ எட்டுதும்மா" என்றாள். "அப்போ எட்டல. நீதான் என் தலைய சாச்ச."

நாலரை வயதில் நடந்தது எதுவும் அவளுக்கு நினைவிருக்காது என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். கண்டக்டர் வந்து நின்றார். நான் இரண்டு டிக்கெட் கேட்டேன்.