றீற்றா அன்ரியின் ஃபிரீசர்

நேற்று லண்டன் ஹவுன்ஸ்லோவில் ஒரு கடையில் உறைந்த பாரை மீன் பெட்டியைத் திறந்தபோது எழுந்த குளிர்ந்த மணம், மிச்சம் என்ற பகுதியில் றீற்றா அன்ரி நடத்திய, இப்போது நகப்பூச்சுக் கடையாகிவிட்ட பலசரக்குக் கடைக்கே என்னைக் கொண்டுபோய்விட்டது.

ஞாயிறு பூசை முடிந்ததும் அங்கேதான் சீட்டு. பின்னால் ஃபிரீசர் உறுமிக்கொண்டிருக்க, பெண்கள் அரிசி மூட்டைகளில் அமர்ந்து ஒருவரையொருவர் சீண்டியபடி, சீட்டுக் காசை முந்தி எடுக்க எவ்வளவு விட்டுக்கொடுப்பதென்று கழிவு கூறுவார்கள். சீட்டை நடத்தும் தாய்ச்சி அன்ரிதான். "என்ரை வாக்கும் இந்த ஃபிரீசரும் ஒண்டு பிள்ளையள், உள்ளை வச்சது பழுதாகாது" என்பார். அம்மா தையல் மெஷின் வாங்குவதற்காகக் கட்டிவந்தார்.

முதற்சீட்டுக் காசை எடுத்தவர் மீதித் தவணைகளைக் கட்டாமல், சொல்லாமல் கனடாவுக்குப் போய்விட, சீட்டு முறிந்தது. கட்டிய காசைக் கேட்டுக் கடை நிறையச் சனம். அன்ரி அழவில்லை, ஃபிரீசர் மூடியைத் தூக்கினார்.

"காசில்லை, கடை இருக்கு. கணக்குத் தீருமட்டும் கிழமைக்குக் கிழமை கொண்டுபோங்கோ."

அந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டில் மீன் குழம்பு, மீன் பொரியல், மீன் ரோல்ஸ், பள்ளிக்கூடப் பெட்டியிலும் மீன் கட்லட். "பிள்ளை ட்ராமில ஏறினால் மிச்சத்துப் பூனையெல்லாம் பின்னாலை ஏறும்" என்பார் அப்பா.

"இதோடை உன்ரை கணக்குச் சரி" என்று கடைசிப் பையை நீட்டியபோது, அன்ரி அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா பையை வாங்கிக்கொண்டு, தான் வழக்கமாக அமரும் அரிசி மூட்டையிலேயே போய் அமர்ந்தார்.

"சரி அக்கா, அடுத்த சீட்டு எப்ப தொடங்கிறியள்? நான் இன்னும் மெஷின் வாங்கேல்லை."