அப்பாவைக் கூப்பிடக் கூடாது, இழுக்கணும்

சிப்ஸ் போடுகிறவன் பாதி வேலையைக் காதால்தான் செய்கிறான். எண்ணெயின் சலசலப்பு அடங்கும்போது அள்ளிவிட வேண்டும், தவறினால் கருகல்தான். குற்றாலத்தில் அருவிக்குப் போகிற ரோட்டில் கடை வைத்திருக்கும் எனக்கு ஒரு காய்ச்சலில் இரண்டு காதும் போயின. அப்போது என் மனைவி மாரி முழுகாமல் இருந்தாள். பிறந்த மகள் பவிக்கு இப்போது நாலு வயது. சாரல் தொடங்குவதற்கு முன்புதான் ஆபரேஷன் செய்து காதுக்குள் கருவி வைத்தார்கள். வெளியே காதுமேல் ஒரு மெஷின், அதிலிருந்து ஒரு வயர், வயர் நுனியில் காந்தத்தால் தலையோடு ஒட்டிக்கொள்கிற ஒரு வில்லை.

உதடு பார்த்தே காலம் தள்ளும் சகபாடிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்கள் கண்ணாடி முன் நின்று, சத்தமில்லாமல் ‘அப்பா’ என்றும் ‘அம்மா’ என்றும் சொல்லிப் பாருங்கள். உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். பவி வாயைத் திறந்ததும் நான் எழுந்து ஓடுவேன். பாதி நேரம் அது அம்மாவாக இருக்கும். முதுகு காட்டி நின்றால் ஒன்றுமே தெரியாது. அதனால் அவள் கூப்பிடுவதையே விட்டுவிட்டு, பின்னால் வந்து என் கைலியை, எங்கள் ஊர்ப் பேச்சில் சாரத்தை, இழுக்கப் பழகிக்கொண்டாள். காது வந்த பிறகும் அதே இழுப்புதான். அவள் ஒரே ஒரு தடவை கூப்பிட்டு நான் கேட்க வேண்டும். அந்த ஆசையில்தான் தலையைக் கத்திக்குக் கொடுத்தேன். அவளோ கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்: “எங்கப்பாவக் கூப்பிடக் கூடாது. சாரத்தப் புடிச்சி இழுக்கணும்.”

மொறுமொறுப்பு

மெஷினை ஆன் செய்த புதிதில் எல்லாக் குரலும் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. மாரி பேசுவதும் மிக்சி ஓடுவதும் ஒன்று. இதை அவளிடமே சொன்ன அன்று சோறு கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

அந்த வாரம், அருவியில் குளித்துவிட்டு வந்த ஒருவர் கடை முன்னாலேயே பாக்கெட்டைப் பிரித்துத் தின்ன ஆரம்பித்தார். கல்லுடைக்கிற சத்தம். மெதுவாக மெல்லுங்கள் என்று அவரிடம் கெஞ்சினேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சிப்ஸுன்னா சத்தம் வரத்தான செய்யும் அண்ணாச்சி? நான் என்ன வாழப்பழமா திங்கேன்?”

தரையில் தேடியது

ஒரு காலையில் பாதி ஏறி நின்ற ஷட்டருக்கு அடியில் குனிந்து நுழைந்தேன். சட்டென்று எல்லாச் சத்தமும் நின்றது. தலையைத் தடவினால் வில்லையும் இல்லை, மெஷினும் இல்லை. இவ்வளவு பாடுபட்டு வாங்கிய காது போச்சே என்று தரையெல்லாம் துழாவினேன். பக்கத்துப் பழக்கடை பீர்முகமது வந்து தோளைத் தட்டினார். உதட்டை நன்றாக அசைத்து, மேலே கை காட்டிச் சொன்னார்: “கீழ என்னத்தத் தேடுதீரு? ஒம்ம காது ஷட்டர்ல தொங்குதுவே!”

பாவக்காயா, பலாக்காயா?

உதடு பார்க்காமல் கேட்டுப் பழகச் சொல்லி ஆஸ்பத்திரியில் அனுப்பியிருந்தார்கள். அதனால் ஆள் பேசும்போது வேண்டுமென்றே சட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். செங்கோட்டைக்காரர் ஒருவர் பாவக்காய் சிப்ஸ் கேட்டிருக்கிறார். என் காதில் பலாக்காய் என்று விழ, அதையே நிறுத்துக் கட்டிவிட்டேன். மாரி தலையில் அடித்துக்கொண்டு மாற்றித் தர வந்தாள். அவர் பொட்டலத்தை விடுவதாக இல்லை. “பாவக்கா வாங்கச் சொன்னது எம் பொண்டாட்டி. அண்ணாச்சி காதுல வேற மாதிரி விழுந்தா நான் என்ன செய்ய? இதுவே இருக்கட்டும்மா.”

கோட்டுக்கு அந்தப் பக்கம்

ஆடி மாத ஞாயிறு, நல்ல கூட்டம். பவி அடுப்புப் பக்கம் வரக் கூடாதென்று மாரி தரையில் சாக்பீஸால் கோடு போட்டிருந்தாள். மாரி தண்ணீர் பிடிக்கப் போன நேரம் யாரோ சிப்ஸ் வாங்க வந்திருக்கிறார்கள். நான் முதுகைக் காட்டி அள்ளிக்கொண்டிருந்தேன். பவி கோட்டில் நின்றபடி கையை நீட்டியிருக்கிறாள், கைலி எட்டவில்லை.

எண்ணெய்ச் சத்தத்துக்கு நடுவே கீச்சென்று ஏதோ கேட்டது. மெஷின் கோளாறு என்று நினைத்தேன். மறுபடியும் வந்தது. நடுவில் ‘ம்’ இல்லை, ‘ப்’. கரண்டியைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். சட்டியில் கிடந்தது கருகியது, கருகட்டும். வந்தவர் பார்க்கப் பார்க்க அழுதேன்; சந்தோஷம் தாங்கவில்லை. பவிக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. நீட்டிய கையை ஒரு தரம் பார்த்தாள், என்னை ஒரு தரம் பார்த்தாள். “நான் இழுக்கவே இல்லையே, எப்பிடிப்பா திரும்புன?”

இப்போது வீட்டிலும் கடையிலும் பொழுதுக்கும் ‘அப்பா, அப்பா’தான், பாதியில் தீர்ந்துபோவது மெஷினின் பேட்டரி மட்டும்தான்.