ஜவாஹிர் பிடித்த எல்லை நூல்

கண்டியிலிருந்து ஹேவாஹெட்ட நோக்கிச் செல்லும் பாதை மலையேறத் தொடங்குமிடத்தில் ஒரு சிறு பட்டணம் இருக்கிறது. அங்கே குடையும் பாதணியும் விற்பவர் ஜவாஹிர்; ஊராருக்கு அவர் ‘நானா’, அதாவது அண்ணன். வயது ஐம்பத்தெட்டு. எந்தக் குடையையும் மூன்று முறை விரித்து மடக்கிப் பார்க்காமல் கொடுக்கமாட்டார். வாங்க வந்தவருக்குப் பொறுமை போனாலும் அவருக்குப் போகாது. அப்பட்டணத்துப் பிரதேச சபையில் எதிர்க்கட்சித் தலைவரும் அவரே. இரண்டு வேலைகளையும் அவர் ஒரே விதமாகச் செய்தார் என்று அவரை அறிந்தோர் அன்பாகவும் சொல்வதுண்டு, கோபமாகவும் சொல்வதுண்டு.

சபையில் பத்தொன்பது உறுப்பினர்கள். ஆளுந்தரப்பிலிருந்து இருவர் பிரிந்து வந்ததும் எதிரணியின் தொகை பத்தாயிற்று. அதே காலத்தில் ஆற்றோரத்துக் குப்பைமேட்டை மூடுமாறு நீதிமன்றம் கட்டளையிட்டது. ஐந்து வாரங்களாகக் குப்பை எடுபடவில்லை. சந்தைக்குப் பின்னாலும் பஸ் நிலையத்தின் ஓரத்திலும் உரப்பைகள் ஆளுயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. சபையின் தலைவரான தவிசாளர் விஜேகோனைக் கண்டால், மக்கள் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறுகையால் வணக்கம் சொன்னார்கள். வருட இறுதியில் பாதீடு என்னும் வரவுசெலவுத் திட்டம் சபைக்கு வரவிருந்தது. பாதீடு இருமுறை தோற்றால் தவிசாளரின் பதவி தானாகவே போய்விடும். அதற்குப் பத்துக் கைகள் உயர்ந்தால் போதும்.

ஒரு மழை நாளில் சின்னமுத்து கடைக்கு வந்தார். அவர் மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவில் குடியிருந்து, அதன் தொழிற்சாலையில் வேலை செய்பவர். ஜவாஹிரின் அணியில் தோட்டப் பகுதி உறுப்பினர். பாதீட்டு நகலை நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"நானா, எட்டாம் பக்கத்தப் பாத்தீங்களா? எங்க மேப்பிரிவு புதைகாட்ட குப்பைக்கு எடுக்கப் போறாங்களாம்."

"பாத்தேன்."

"இத தோக்கடிக்கணும் நானா. வேற எதுவும் நான் ஒங்ககிட்ட கேட்டதில்ல. எங்க பாப்பா அங்கதானே இருக்கு."

அவர் பாப்பா என்றது தம் ஒரே மகள் சஞ்சீவனியை. ஏழாண்டுகளுக்கு முன், ஆறு வயதில், டெங்குக் காய்ச்சலில் அந்தப் பிள்ளை இறந்தது. ஜவாஹிர் அன்று லயத்து வரிசை வீடு வரை சென்று துக்கம் கேட்டார். மழை கடுமையாக இருந்தமையால் புதைகாட்டுக்கு ஏறவில்லை.

"பார்ப்பம்" என்றார் ஜவாஹிர்.

"பத்துக் கை நம்மகிட்ட இருக்கே. இன்னும் என்னத்த பாக்க?"

"கொஞ்சம் பொறுங்க சின்னமுத்து. பழுத்தது தானா உதிரும்."

"உதிரட்டும் நானா. எங்க தலையில உதிரக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

ஜவாஹிரின் தயக்கத்துக்குக் காரணங்கள் இருந்தன. அவற்றை அவர் எவரிடமும் ஒழுங்காகச் சொல்லவில்லை. தவிசாளரை வீழ்த்திய மறுநாளே அந்தக் குப்பை முழுவதும் தம்முடையதாகிவிடும் என்பது ஒன்று. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஸ்கூட்டரில் அலைந்து ஆறு காணிகளைப் பார்த்திருந்தார். ஒன்று ஊற்றுக்கு மேலே இருந்தது. ஒன்று பாடசாலைக்கு அருகே. மற்றவற்றிலும் ஏதோவொரு குறை. வீழ்த்துவது எளிது, அதன்பின் லொறியை எங்கே அனுப்புவது?

மற்றக் காரணத்தை, பள்ளிவாசல் நிர்வாக சபைத் தலைவர் தாஸிம் ஹாஜியார் ஒருநாள் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் வீடு தேடி வந்து சொன்னார்.

"ஜவாஹிர், விழுத்தப் போறீங்களாம்?"

"இன்னும் முடிவெடுக்கல்ல ஹாஜியார்."

"எடுக்க வாணாம். அந்த மனிசன் தானா விழுந்தா அது அவர்ட பிழை. நீங்க விழுத்தினா அது எங்கட பிழை. நாளைக்கு பிக்குமார்ட பன்சலைக்கு முன்னால குப்பை நாறினா, சபை நாறுதுண்டு சொல்லுவாங்களா? வேற பேர்தான் சொல்லுவாங்க. திகன பக்கம் எங்கட ஆக்கள்ட கடைகள எரிச்ச நேரம் ஒருத்தனும் கட்சியக் கேட்டு எரிக்கல்ல."

தேநீர் கொண்டுவந்த ஜவாஹிரின் மனைவி ஹபீலா இதைக் கேட்டார்.

"அப்ப எதிர்க்கட்சித் தலைவர்ண்ட போர்டக் கழட்டுவோமே ஹாஜியார். குடைக் கடைண்டு மட்டும் ஈந்தாப் போதும்தானே?"

ஹாஜியார் சிரித்தார். ஜவாஹிர் சிரிக்கவில்லை.

ஜவாஹிரின் தயக்கம் பற்றிய பேச்சு பட்டணத்தில் பரவ நாளாகவில்லை. மீன் கடை ஷிஹாப் சந்தைக்குள் பலர் கேட்கச் சத்தமிட்டார்: "நானா, தவிசாளருக்கு நல்ல குடை ஒண்டு புடிக்கிறீங்களாம்! அந்த மாடல் எங்களுக்கும் ஈக்கா?"

பாதீட்டுக்கு ஒன்பது நாள் இருக்கையில் விஜேகோன் தனியாகக் கடைக்கு வந்தார். முகத்தில் பல நாள் உறக்கமின்மை தெரிந்தது. சிங்களத்தில் தாழ்ந்த குரலில் பேசினார்.

"ஜவாஹிர் நானா, இறந்தவர்களோடு எனக்கென்ன பகை? இடமில்லை. நீங்களே ஓரிடம் காட்டுங்கள், அங்கே கொட்டுகிறேன்."

காட்ட ஜவாஹிரிடமும் இடமில்லை. மேசையிலிருந்த குடையொன்றை மூன்றாம் முறையும் மடக்கிவிட்டு, "புதைகாட்டுச் சரிவு பெரியது. கல்லறைகள் உள்ள பகுதியை முழுவதும் விட்டுவிட்டு மிச்சத்தை எடுக்கலாமே" என்றார்.

விஜேகோன் உடனே இணங்கினார். "எல்லையை நீங்களே பிடியுங்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தரை உங்களோடு அனுப்புகிறேன். ஆனால் வாக்கெடுப்பு வரை வெளியே தெரிய வேண்டாம். தெரிந்தால் என் ஆட்கள் என்னைத் தின்றுவிடுவார்கள்."

தெரிந்தால் ஜவாஹிரின் ஆட்களும் அதையே செய்வார்கள். அவரும் ஒப்புக்கொண்டார். அன்று மாலை பல வாரங்களுக்குப் பின் அவர் நெஞ்சு இலேசாயிருந்தது. பன்சலை கோபிக்காது, கடைகளுக்கு ஆபத்து வராது, சின்னமுத்துவின் பிள்ளை கிடக்கும் மண்ணும் தப்பும். ஒரு கையையும் உயர்த்தாமல் எல்லாம் ஆகிவிடும்.

புதன்கிழமை காலை பத்து மணியைத் தேர்ந்தெடுத்தார். அந்நேரம் மேற்பிரிவு ஆட்கள் அனைவரும் எதிர்மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார்கள்; பார்க்க எவரும் இருக்கமாட்டார்கள். உத்தியோகத்தர் முளைகளும் நீல நைலோன் நூலும் கொண்டுவந்தார். ஜவாஹிர் கல்லறைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். சீமெந்து பூசியவை, தலைமாட்டில் வெறும் கருங்கல் நட்டவை எல்லாமாக நாற்பத்து மூன்று. திரும்பவும் எண்ணினார். நாற்பத்து மூன்றேதான். அவருடைய சமூகத்து மையவாடியில் பிறந்த அன்றே இறந்த குழந்தைக்கும் தலைமாட்டில் மீசான் கல் உண்டு. ஆகவே அவர் கற்களைத் தேடினார்; கற்கள் முடிந்த இடத்தில் கல்லறைகளும் முடிந்தன என்று கொண்டார்.

"கடைசிக் கல்லிலிருந்து பத்தடி விடுங்கள்."

"ஐந்து போதுமே ஐயா."

"பத்து" என்று ஜவாஹிர் உறுதியாகச் சொன்னார்.

நூலுக்குக் கீழே புல்லும், ஆங்காங்கே சிவந்த இலையுள்ள குரோட்டன் செடிகளும் நின்றன. முன்பொரு காலத்தில் வேலிக்கு நட்டிருப்பார்கள் என்றார் உத்தியோகத்தர். அப்படித்தான் இருக்கும் என்று ஜவாஹிரும் நினைத்தார். கேட்டால் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. ஒருவரும் இல்லாத நேரத்தைத்தான் அவர் தேடி எடுத்திருந்தார். எல்லையை வரைபடத்தில் குறித்ததும், நூலையும் முளைகளையும் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள்.

பாதீட்டு நாளில் எதிரணி உறுப்பினர்கள் நேரத்துக்கு முன்பே வந்து அமர்ந்தனர். ஜவாஹிர் எழுந்து, புதைகாடு தவிர்க்கப்படும் என்ற திருத்தத்தோடு பாதீட்டை ஆதரிப்பதாக அறிவித்தார். அவருடைய பக்கத்திலேயே சலசலப்பு எழுந்தது. இருவர் கோப்புகளை மேசையில் அறைந்துவிட்டு வெளியேறினர். பக்கத்துக் கதிரையிலிருந்த சின்னமுத்து அவர் காதருகே குனிந்தார்.

"என்னங்க நானா இது? ஒரு வார்த்த சொல்லவே இல்லயே!"

"சொல்ல ஏலாமப் போச்சு. ஆனா உங்கட எடத்த உட்டுட்டாங்க. ஒரு கல்லும் போகாது. நானே நூல் புடிச்சேன்."

"நீங்களே நின்னீங்களா?"

"நானே. ரெண்டு தரம் எண்ணினேன்."

சின்னமுத்துவின் கண்கள் கலங்கின. மேசைக்குக் கீழே ஜவாஹிரின் கையை ஒருமுறை இறுகப் பற்றினார். "அப்பச் சரிங்க நானா" என்றார். பெயரழைத்துக் கேட்டபோது, பாதீட்டுக்கு ஆதரவாகக் கையை நன்றாக உயர்த்தினார்.

தைப்பொங்கலுக்கு அடுத்த திங்கட்கிழமை, கடை திறந்த சற்று நேரத்தில் தொலைபேசி ஒலித்தது.

"நானா" என்றார் சின்னமுத்து. பின்னர் ஒரு பெண் அலறும் ஓசை கேட்டது. "மெசின் பாப்பா மேல நிக்குது நானா."

ஜவாஹிர் கடையைப் பூட்டாமலே முச்சக்கர வண்டியில் ஏறினார்.

மேற்பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. ஆளாகுமுன் இறந்த பிள்ளைகளுக்கு அங்கே சீமெந்தும் பூசமாட்டார்கள், கல்லும் நடமாட்டார்கள். பிஞ்சு நெஞ்சின்மேல் பாரம் வைக்கக் கூடாது என்பார்கள். தலைமாட்டில் ஒரு குரோட்டன் செடியை மட்டும் நட்டுவிடுவார்கள். அவ்வாறு பதினேழு பிள்ளைகள் சரிவின் கீழ்ப்புறத்தில் அடக்கமாகியிருந்தனர். தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி அது. எல்லோருக்கும் தெரிந்ததனாலேயே, சபையில் அதைச் சொல்ல வேண்டுமென்று சின்னமுத்துவுக்குத் தோன்றவில்லை.

ஜவாஹிர் போய்ச் சேர்ந்தபோது சரிவு இரண்டு தட்டுகளாக வெட்டப்பட்டிருந்தது. முதல் லொறி குப்பையைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு அதன் சாரதி தூரத்தில் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். கையிலிருந்த வரைபடத்தின்படியே அவர் வேலை செய்திருந்தார். நாற்பத்து மூன்று கல்லறைகளும், திரும்பவும் கட்டியிருந்த நீல நூலுக்கு மேலே பழுதின்றி நின்றன. சின்னமுத்துவின் மனைவி கமலம் வெட்டிய மண்ணுக்குள் இறங்கி இரு கைகளாலும் துழாவிக்கொண்டிருந்தாள். மற்றத் தாய்மாரும் அப்படியே.

சின்னமுத்து சத்தமிடவில்லை.

"ஒங்க நூலத் தாண்டலீங்க நானா" என்றார். "ஒரு அடி கூடத் தாண்டல."

ஜவாஹிர் குனிந்து, கடைசி முளையிலிருந்த நூலை அவிழ்க்கத் தொடங்கினார்.

"ஒங்கள மட்டும் என்னத்த சொல்ல? கையத் தூக்கினது நானுந்தானே."

அந்த வாரமே சின்னமுத்து சபை உறுப்பினர் பதவியைத் துறந்தார். அவருடைய இடத்துக்கு அதே அணியைச் சேர்ந்த வேறொருவர் வந்தார். அதன்பின் ஓராண்டுக்கு மேல் கடைப்பக்கம் சின்னமுத்து வரவே இல்லை.

அடுத்த ஆண்டுப் பாதீட்டை ஜவாஹிர் இரண்டு வாரங்களுக்குள் இருமுறை தோற்கடித்தார். இரு வாக்கெடுப்பும் பதினொரு நிமிடங்களுக்கு மேல் நீளவில்லை. விஜேகோன் எழுந்து எல்லோருக்கும் கைகூப்பிவிட்டு வீட்டுக்குப் போனார். அன்று மாலை பட்டணத்துத் தேநீர்க் கடைகளில் கிரிக்கெட் பற்றியே பேசினார்கள். மறுநாள் பன்சலையின் பெரிய பிக்கு ஆளனுப்பி இரண்டு கறுப்புக் குடைகள் வாங்கினார். ஒரு கடைக்கும் ஒரு கீறலும் விழவில்லை. "நல்ல வேலை செஞ்சீங்க ஜவாஹிர்" என்று தாஸிம் ஹாஜியார் தோளைத் தட்டினார். ஓராண்டுக்கு முன்னும் இது இப்படியே முடிந்திருக்குமா என்று ஹபீலாவிடம் ஜவாஹிர் ஓரிரவு கேட்டார். "எனக்குத் தெரியா" என்றார் ஹபீலா. "நீங்க செஞ்சு பாக்கல்லயே."

தவிசாளர் பதவி ஜவாஹிருக்கே வந்தது, வேண்டாமென்று மறுத்தார். அவருடைய அணியிலிருந்து மற்றொருவர் அமர்ந்தார். குப்பை லொறி இன்றும் அதே மலைக்குத்தான் போகிறது. புதியவர்களுக்கும் வேறு இடம் அகப்படவில்லை.

மாசி மாதத்தில் ஒருநாள் சின்னமுத்து கடை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"இன்னைக்குப் பாப்பா செத்த நாளு. கமலம் ஒங்கள வரச் சொல்றா."

திட்டுவதற்காக இருக்கலாம் என்று ஜவாஹிர் எண்ணினார். மன்னிப்பதற்காகவும் இருக்கலாம் என்று, தம்மையறியாமல், ஒரு கணம் எண்ணினார். இருவரும் மலையேறினர்.

கமலம் சரிவில் காத்து நின்றாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"வாங்க நானா. மழையில வரச் சொல்லிட்டேன், கோவிச்சுக்காதீங்க. வேற யாருகிட்டயும் கேக்க முடியல. மெசின் வர்றதுக்கு முன்னாடி இந்த எடத்த அளந்தது நீங்கதானே. பாப்பா எந்த எடத்துல இருந்துச்சுன்னு காட்டுங்க. கற்பூரம் கொளுத்தணும்."

ஜவாஹிர் சரிவைப் பார்த்தார்; குப்பையை நிரப்பி மண்ணிட்டு மூடிய தட்டுகளே இருந்தன. முளைகள் நின்ற ஒவ்வோர் இடமும் அவருக்கு நினைவிருந்தது. கடைசிக் கல்லிலிருந்து பத்தடி எங்கே முடிந்தது என்பதும் நினைவிருந்தது. அதற்குக் கீழே அவர் எதையும் எண்ணியிருக்கவில்லை.

"இங்கதான்" என்றாள் கமலம், தட்டின் விளிம்பைக் காட்டி.

"இல்லடி. அந்தத் தண்ணிக் காணு பக்கம். நான்தானே குழி வெட்டினேன்."

"அது அழகர் அண்ணன் மகன் எடம். எனக்குத் தெரியாதா?"

"மண்ணே எடம் மாறிக் கெடக்கு. எத வச்சு சொல்ற?"

இருவரும் ஒரே நேரத்தில் ஜவாஹிரைத் திரும்பிப் பார்த்தனர்.

"சொல்லுங்க நானா" என்றாள் கமலம். "நீங்க சொல்ற எடத்துல கொளுத்துறோம்."

"எனக்குத் தெரியா தங்கச்சி" என்றார் ஜவாஹிர். "நான் பாக்கல்ல."

கமலம் கையிலிருந்த கற்பூரக் கட்டியை இரண்டாக உடைத்தாள். ஒரு பாதியைக் கணவனிடம் கொடுத்துவிட்டு, தட்டின் விளிம்புக்கு நடந்தாள். சின்னமுத்து காணுப் பக்கம் போனார். தூறல் விழுந்துகொண்டிருந்தது, இருவரும் உள்ளங்கையைக் குவித்து மறைத்துப் பற்றவைத்தனர். அவை எரிந்து முடியும்வரை ஜவாஹிர் இரண்டுக்கும் நடுவே நின்றார்.