எத்தனை வயதில் வந்தது?

பட்டுப்புடவையில் என் தங்கை வியர்த்துக் கொட்ட உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. தி. நகரில் எங்கள் மாடி வீட்டுக்கு அன்று அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். வந்தவர்களோடு அவளும் கேசரி சாப்பிட வேண்டுமே என்று அம்மா முன்கூட்டியே இன்சுலின் ஊசியைப் போட்டுவிட்டாள். உஸ்மான் சாலை நெரிசலில் மாட்டி அவர்கள் வந்து சேர்வதற்குள் ராகு காலம் பிறந்துவிட்டது. அது முடிந்துதான் படியேறுவோம் என்று கீழே காரிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். பையனின் அத்தை மட்டும் பாத்ரூம் போகவேண்டும் என்று மேலே வந்தவர், தங்கையின் பக்கத்தில் அமர்ந்து ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிட்டார். சர்க்கரை நோய் இருப்பதை, அவர்களுக்குப் பெண்ணைப் பிடித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பது வீட்டு முடிவு. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கிவிடும். அந்த அம்மாள் எதிரில் ஒரு வாய் கேட்கவும் அவளுக்கு வழியில்லை. மாமியார் வீட்டிலிருந்து வந்திருந்த நான் எட்டிப் பார்த்தபோது சுவரோரம் சரிந்து கிடந்தாள்.

ராயப்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எந்த டாக்டரும் முதலில் கேட்பது, எத்தனை வயதில் வந்தது என்பதைத்தான். அம்மா எப்போதும் ஏழு என்பாள். உண்மை அதில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறந்ததில்லை. பிறவி நோய் என்றால் ரத்தத்திலேயே இருக்கிறது என்று இரண்டு பெண்களையும் ஒதுக்கிவிடுவார்களே என்ற பயம். எனக்குக் கல்யாணம் நடந்ததே, என் மாமியார் வீட்டார் அந்த ஏழு வயதை நம்பியதால்தான். அன்று கட்டிலில் கிடந்தவளைப் பார்த்துக்கொண்டே, “மூணு மாசக் கொழந்தையா இருக்கும்போதே வந்துடுச்சு டாக்டர்” என்று அம்மா சொல்லிவிட்டாள்.

டாக்டர் உடனே மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் அனுப்பினார். முடிவு வந்ததும் எனக்கும் புரிகிற மாதிரி விளக்கினார். சர்க்கரை கணையத்தின் செல்லுக்குள் போய் எரிகிறது. அந்தச் சக்தி கிடைத்ததும், செல்லின் சுவரில் பொட்டாசியம் வெளியேறும் சின்ன வாசல் மூடிக்கொள்ளும். அது மூடினால்தான் செல்லின் மின்னழுத்தம் மாறி, கால்சியம் உள்ளே நுழைந்து, தயாராக இருக்கும் இன்சுலினை வெளியே தள்ளும். தங்கைக்கு அந்த வாசல் மூடுவதே இல்லை. எவ்வளவு சர்க்கரை வந்தாலும் செல்லுக்குச் சேதி போகாமல், இன்சுலின் உள்ளேயே அடைபட்டுக் கிடந்திருக்கிறது. கைக்குழந்தையிலேயே வரும் இந்த வகைக்கு, வாசலை மூடவைக்கும் பழைய மாத்திரை ஒன்றே பலருக்குப் போதுமாம்.

மாத்திரையைக் கூட்டி, ஊசியைக் குறைத்து, கடைசியில் ஊசி நின்றே போனது. அம்மாவுக்குச் சந்தோஷப்படவும் முடியவில்லை. “நான் முன்னாடியே சொல்லியிருந்தா...” என்று இழுத்தாள். தங்கை தலை பின்னிக்கொண்டே, “ஸ்கூல் படிக்கும்போதே ஊசி நின்னிருக்கும்மா” என்றாள். எனக்கு அம்மாமேல் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஊருக்குப் பயந்து ஒரு பெண்ணை இப்படியா குத்திக்கொண்டே வைத்திருப்பாய், இனி யார் கேட்டாலும் உள்ளதைச் சொல் என்று பிடி பிடியென்று பிடித்தேன்.

போன வாரம் என் மாமியார் போன் செய்தார். தங்கையைப் பற்றி விசாரித்துவிட்டு, “ஊசி போட்டவளுக்கு மாத்திரையே போதும்னா அது என்ன வியாதிம்மா, பொறவியிலேயே இருந்ததா?” என்று கேட்டார். தங்கை என் பக்கத்தில்தான் இருந்தாள்.

“இல்லீங்க அத்தை, ஏழு வயசுலதான் வந்துச்சு” என்றேன்.